கட்டத்துக்கு வெளியே எழுதியவர்கள்

1822ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். நிலத்தை அளந்தாயிற்று, விளைச்சலைக் கணக்கிட்டாயிற்று, குடித்தொகையையும் ஓரளவு அறிவோம்; ஆனால் மக்களின் கல்வி எந்நிலையில் இருக்கிறது என்பதற்கு அரசிடம் ஒரு பதிவும் இல்லை என்பது அதன் சாரம். எழுதப் படிக்கக் கற்பிக்கும் பள்ளிகள் எத்தனை, மாணவர் எத்தனை பேர், என்ன நூல்களைப் படிக்கிறார்கள், எத்தனை காலம் படிக்கிறார்கள், ஆசிரியருக்குத் தரும் கூலி என்ன, பள்ளிக்கென்று மானியம் ஏதும் உண்டா என்றெல்லாம் கலெக்டர்களிடம் கேட்கச் சொன்னார். நல்ல கேள்விகள். ஆனால் அந்தக் கேள்விகள் வருவாய் வாரியத்தின் வழியே ஊர்களை நோக்கி இறங்கியபோது உடன் சென்ற படிவத்தில் எஞ்சியவை கட்டங்கள் மட்டுமே. பள்ளிகளின் எண்ணிக்கை, பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியார், முகமதியர் என்ற வரிசையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, மொத்தக் குடித்தொகை. நூலும் கூலியும் காலமும் படிவத்தில் இடம்பெறவில்லை. விரும்பிய கலெக்டர் அவற்றைத் தனிக்கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

தரம்பால் 1983இல் வெளியிட்ட ‘அழகிய மரம்’ என்ற தொகுப்பை வாசித்தவர்களுக்கு இந்த ஆவணங்கள் புதியவை அல்ல. அந்நூலை முன்வைத்து நடந்த விவாதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றின: வெள்ளையர் வருமுன் நம் கல்வி செழிப்பாக இருந்ததா, இல்லையா? அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. எனக்கு ஆர்வமூட்டுவது அந்தப் படிவம்தான். பள்ளிகளைப் பற்றி ஓர் அரசு இம்மாகாணம் முழுவதற்குமாகக் கேட்ட முதல் பெருங்கேள்வித்தாள் அது. இன்று நம் கல்லூரிகளில் பருவம் முடியும் வேளையில் மாணவரிடம் நீட்டப்படும் கருத்துப் படிவம் வரைக்கும், அதன் குணங்கள் பலவும் குறைகள் அனைத்தும் கைமாறி வந்திருக்கின்றன என்பதே என் எண்ணம்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்று இராமநாதபுரம் ஜமீனில், மதுரைக் கலெக்டரின் ஆட்சி எல்லைக்குள் அடங்கிய ஊர்கள். கலெக்டர் ரவுஸ் பீட்டர். (மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி காணிக்கை தந்தவர் என்று மதுரைக்காரர்கள் இன்றும் கதை சொல்லும் அதே ‘பீட்டர் பாண்டியன்’தான்.) அவருடைய பதில் 1823 பிப்ரவரியில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. பள்ளிகள் 844, மாணவர் 13,781 பேர். ஏறத்தாழ 8 லட்சம் குடித்தொகையில் இவ்வளவு. பள்ளிக்குப் பதினாறு பிள்ளைகள் என்று கணக்கு வருகிறது. அது திண்ணையின் அளவு. குண்டாற்றங்கரையில் திருச்சுழிக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் அப்படி எத்தனை திண்ணைகள் இருந்தன என்பது அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோயிற்று. அருப்புக்கோட்டையில் தறியில் உட்கார்ந்திருந்த தேவாங்க நெசவாளர் வீட்டுப் பிள்ளையை எந்தக் கட்டத்தில் போட்டார்கள்? ‘சூத்திரர்’ என்றா, ‘ஏனைய சாதியார்’ என்றா? பனையேறிய வீட்டுப் பிள்ளையை? கட்டங்களை வகுத்தவர் சென்னையில் இருந்தார். இந்தப் பிள்ளைகளை அவற்றில் அடைத்தவர் ஊர்க் கணக்கராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆசிரியரும் மாணவரும் எண்ணப்பட்டார்கள். அவர்களிடம் ஒன்றும் கேட்கப்படவில்லை.

இந்த ஆவணங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் இரண்டு. ஒன்று, கன்னடக் கடற்கரை மாவட்டத்தின் கலெக்டர் எழுதிய பதில். படிவத்தை நிரப்ப நெடுங்காலம் ஆகும், நிரப்பினாலும் அதனால் ஒரு விவரமும் கிடைக்காது என்று சொல்லிப் படிவத்தையே அனுப்பாமல் விட்டுவிட்டார். கேள்வித்தாள்களின் வரலாற்றில் பதிலளிக்க மறுத்தவர்களுக்கென்று ஒரு தனி அத்தியாயம் எழுதப்பட வேண்டும். அவருக்கு அதில் முதலிடம்.

இரண்டாவது, பெல்லாரிக் கலெக்டர் கேம்பெல் 1823 ஆகஸ்டில் எழுதிய நீண்ட கடிதம். 533 பள்ளிகள் என்ற எண்ணைக் கட்டத்தில் எழுதிவிட்டு அவர் அங்கே நிற்கவில்லை. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தருவதையும் (நம் சட்டாம்பிள்ளை முறை), பொருள் தெரியாமலேயே செய்யுளைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதையும் விவரிக்கிறார். முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது இல்லை என்கிறார். ஏன் இல்லை என்றும் சொல்கிறார்: ஐரோப்பியத் துணிகள் வந்திறங்கி நெசவுத் தொழிலாளர் வறுமைப்பட்டுவிட்டனர், பிள்ளைக்குப் பள்ளிக்கூலி கொடுக்க வீட்டில் காசில்லை. கம்பெனியின் ஊழியர் ஒருவர் கம்பெனிக்கே எழுதிய வரிகள் இவை. நெசவையே நம்பியிருந்த அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு வாசிக்கும்போது நம் ஊரைப் பற்றி யாரோ சொன்னதுபோல் இருக்கிறது. பள்ளி குறைந்ததற்கான காரணம் எந்தக் கட்டத்திலும் கேட்கப்படவில்லை. கேம்பெல் கட்டத்துக்கு வெளியே எழுதியதால்தான் அது நமக்குக் கிடைத்தது.

இன்னொரு குறையை மன்றோவே கண்டுகொண்டார். சென்னை நகரக் கலெக்டர், பள்ளிக்குச் செல்வோரோடு வீட்டிலேயே கற்போரையும் தாமாகச் சேர்த்து எண்ணியிருந்தார். அந்தத் தொகை 26 ஆயிரத்துக்கும் மேலாக, பள்ளியில் படிப்போரைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. பிற மாவட்டங்களில் வீட்டுக் கல்விக்குக் கட்டமே இல்லாததால் அதன் கணக்கும் இல்லை. மாகாணம் முழுவதுமாக 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர் என்று தொகை வந்தது. 1826 மார்ச் 10 அன்று எழுதிய இரண்டாம் குறிப்பில் மன்றோ, வீட்டுக் கல்வியை ஊகமாகச் சேர்த்தால் பள்ளி வயது ஆண்பிள்ளைகளில் மூவரில் ஒருவர் கல்வி பெறுகிறார் என்று மதிப்பிட்டார். பெண்கள்? கோயில் நடனமகளிர் போன்ற சிலரைத் தவிர ஏறக்குறைய எவரும் இல்லை.

கேட்டதற்கு விளைவு ஏதும் இருந்ததா என்றால், இருந்தது. தாசில் தோறும் ஒரு பள்ளி, ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய் என்று மன்றோ திட்டமிட்டார். திண்ணை ஆசிரியருக்கு ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்பது அந்த விசாரணையிலிருந்து அவர் கற்றுக்கொண்டது. ஆனால் 1827இல் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று. தாசில் பள்ளிகளும் பத்தாண்டுகளுக்குள் கைவிடப்பட்டன. 1822இல் ஐந்து வயதில் திண்ணையேறிய திருச்சுழிப் பையனுக்கு, தன்னை ஒருவர் எண்ணினார் என்பதோ, அதனால் இன்னது விளைந்தது என்பதோ தெரிந்திருக்க வழியே இல்லை.

அடுத்த நூற்றாண்டை வேகமாகக் கடக்கலாம். 1860களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். பிள்ளைகள் சொல்லும் பதிலைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம். மாணவனின் வாய்ச்சொல்லுக்கும் ஆசிரியரின் சோற்றுக்கும் முடிச்சு விழுந்தது இங்கேதான். திருச்சுழியில் 1879இல் பிறந்து, பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த வேங்கடராமன் அவ்வூர்ப் பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்றது அத்தகைய காலத்தில்தான். 1882இல் ஹண்டர் தலைமையிலான கல்விக்குழு எழுபது கேள்விகளைத் தயாரித்து நாடெங்கும் அனுப்பியது. அதிகாரிகள், பாதிரிமார், பள்ளி நடத்துவோர், ஊர்ப் பெரியவர்கள் பதிலளித்தார்கள். பக்கம் பக்கமாகச் சாட்சியங்கள் அச்சாயின. பள்ளியைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர் யார் என்பதில் அந்தக் குழுவுக்கு ஐயமே எழவில்லை.

காமராசர் மாடு மேய்க்கும் சிறுவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டதும், ‘சோறு யார் போடுவார்கள்?’ என்று அவன் திருப்பிக் கேட்டதும் நாம் எல்லோரும் கேட்ட கதை. நடந்த இடம் எதுவென்று ஊருக்கு ஊர் மாறும். கதை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே போகும் சாலையில் உள்ள எட்டயபுரத்தில் என்பது கதையல்ல. இந்தக் கதை ஏன் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது? கேட்டவர் கட்டம் எதையும் நீட்டவில்லை. பதில் சொன்னவன், கேட்டவர் எதிர்பாராததைச் சொன்னான். அது அவன் தட்டில் சோறாகத் திரும்பி வந்தது. ஒரு கருத்துக் கேட்பு எப்படி இருக்க வேண்டும் என்று மக்கள் மனத்தில் இருக்கும் சித்திரம் அது.

1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையும் இந்த வரிசையில் சேர்க்கத் தோன்றுகிறது. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்தியவை. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று பட்டியலிட்டார்கள்: கூரை, பெஞ்சு, கரும்பலகை, குடிநீர்ப் பானை. பட்டியலை வைத்துக்கொண்டு ஊராரிடமே கேட்டு வாங்கினார்கள். அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கு இம்முறை அந்நியமல்ல; நாடார் உறவின்முறைகள் மகமை திரட்டிப் பள்ளி நடத்திய நிலம் இது. மகமை கொடுப்பவரின் பிள்ளையே பள்ளியில் படிக்கும். ஆசிரியர் சரியில்லை என்றால் படிவம் வேண்டியதில்லை, கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடலாம். எல்லோராலும் எழுந்து சொல்ல முடிந்ததா என்பது வேறு விஷயம்.

*

மாணவரிடமே எழுத்தில் கேட்கும் வழக்கம் அமெரிக்கச் சரக்கு. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ரெமர்ஸ் என்ற உளவியலாளர் 1927இல் ஆசிரியரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட், ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரையிலான ஐந்து படிகளை வகுத்தார். நம் படிவங்கள் அனைத்தும் அந்த ஏணியில்தான் ஏறி இறங்குகின்றன. ஏணியின் பலவீனமும் விரைவில் வெளிப்பட்டது. 1973இல் வெளியான ஓர் ஆய்வு பிரபலமானது. மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகருக்கு ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று வேடமிட்டு, ஒன்றுக்கொன்று முரணான வெற்றுரை ஒன்றை மிடுக்காக ஆற்றவைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும். படிவத்தில் அவருக்கு நல்ல மதிப்பெண் அளித்தார்கள். 2015இல் இன்னொன்று: இணையவழிப் பாடமொன்றில் ஆசிரியரின் முகம் தெரியாத மாணவர்கள், பெண் பெயர் சூட்டப்பட்டிருந்தபோது குறைவாகவும் ஆண் பெயர் சூட்டப்பட்டிருந்தபோது கூடுதலாகவும் மதிப்பிட்டார்கள். கற்பித்தவர் அதே ஆள்தான். நம் ஊரில் பெயரோடு சாதியும் தெரியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் கல்லூரிகளுக்கு இது வந்துசேர்ந்த வழி தர மதிப்பீடு. 1994இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியத் தர மதிப்பீட்டு அவை, ‘நாக்’, மாணவர், ஆசிரியர், முன்னாள் மாணவர், வேலை தருவோர் ஆகியோரிடம் கருத்துப் பெறுவதற்கு மதிப்பெண் ஒதுக்கியது. கருத்துப் பெற்றால் கொஞ்சம், ஆராய்ந்தால் கூடுதல், நடவடிக்கை எடுத்தால் அதனினும் கூடுதல், எடுத்ததை இணையதளத்திலும் போட்டால் முழு மதிப்பெண். 2017இன் திருத்தப்பட்ட முறையில் மாணவர் மனநிறைவு ஆய்வு என்று இருபது கேள்விகளும், கல்லூரி மேம்பட ஆலோசனை கேட்கும் ஒரு திறந்த கேள்வியும் சேர்ந்தன. ஏ.ஐ.சி.டி.இ. 2019இல் பொறியியல் ஆசிரியருக்கு வகுத்த மதிப்பீட்டில் நூற்றுக்கு 25 மாணவர் கருத்துக்கு. தாளில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் மதிப்பெண் பெறுவதற்காகக் கேட்கப்படும் கேள்வி, பதிலைப் பெற்றதோடு தன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறது. இன்ஸ்பெக்டர் வருகையின் மறுபிறப்பு.

மானாவாரி நிலத்துக் கல்லூரி ஒன்றில் அந்தப் படிவம் எந்தச் சூழலில் நிரப்பப்படுகிறது என்று எண்ணிப்பார்க்க வேண்டும். பருவத்தின் கடைசி வாரம், கடைசி மணி. நரிக்குடிப் பக்கம் போகும் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது என்ற கவலை. படிவம் பல இடங்களில் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பெண் அதை வாசிப்பதற்குள் முன்பெஞ்சுக்காரி எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டு நீட்டிவிடுகிறாள். ‘ஆசிரியர் பாடத்தைத் தெளிவாகவும் சுவையாகவும் நடத்துகிறார்’ என்று ஒரு வரி. தெளிவாக நடத்துகிறார், சுவையாக இல்லை என்றால் எந்த எண்? இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டுவது படிவம் எழுதுபவர்கள் ஓயாமல் செய்யும் பிழை. மேலும், பருவம் முடிந்தபின் கேட்பதால், சொன்ன மாணவிக்கு அதனால் பயனில்லை. அடுத்த ஆண்டு வருபவளுக்காக அவள் தன் உள்மதிப்பெண்ணைப் பணயம் வைக்க வேண்டும். அவளுக்கு அறிவிருக்கிறது, ஐந்து போடுகிறாள்.

பெயர் எழுத வேண்டாம் என்கிறார்கள். அறுபது பேர் உள்ள வகுப்பில் அது கொஞ்சம் செல்லும். பதினெட்டுப் பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள கிராமத்துப் பள்ளியில் கையெழுத்தே பெயர். ஆசிரியர் பக்கமும் இதே நிலைதான். சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்துக்கு வேலைபார்க்கும் ஒருவரிடம் ‘நிர்வாகத்தின் அணுகுமுறை எப்படி?’ என்று கேட்டுவிட்டு, மேலே துறை, பாலினம், பணியாண்டு என்று மூன்று கட்டம் வைத்தால், மூன்று பேர் உள்ள துறையில் அது கையொப்பமிட்ட கடிதம். அவரும் ஐந்து போடுகிறார். மன்றோவின் படிவத்தில் ஆளைப் பற்றிய கட்டங்களே மிகுதி, ஆள் சொல்வதற்கான இடம் இல்லை என்பதை நினைவுகூரலாம். ஆளைப் பற்றிய கட்டங்களைக் குறைத்து, கண்டதைச் சொல்ல வைக்கும் கேள்விகளைக் கூட்டினால் படிவம் பாதி திருந்திவிடும். ‘ஆசிரியர் நேரம் தவறாதவரா?’ என்பதைவிட ‘சென்ற இரு வாரங்களில் எத்தனை வகுப்புகள் நடக்கவில்லை?’ என்பது நல்ல கேள்வி. முதலாவதற்கு விசுவாசம் பதில் சொல்லும், இரண்டாவதற்கு நினைவு.

படிவம் தாங்க முடியாத செய்திகளும் உண்டு. 2018 ஏப்ரலில் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் ஆசிரியை மாணவியரிடம் தொலைபேசியில் பேசியதன் ஒலிப்பதிவு வெளிவந்தது. உயர் பதவியிலுள்ளோரின் விருப்பத்துக்கு இணங்க மாணவியரை அழைத்ததாக வழக்கு. மாநிலமே அதிர்ந்தது. 2024 ஏப்ரல் 30 அன்று திருவில்லிபுத்தூரில் விசாரணை நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது; உடன் குற்றம்சாட்டப்பட்ட இருவர் விடுவிக்கப்பட்டனர். இங்கே நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பெண்கள் சொன்னதை உலகம் நம்பியதற்குக் காரணம் அவர்கள் கையிலிருந்த பதிவு. ஐந்து படி ஏணியில் அதை எங்கே வைப்பது? மதிப்பீட்டுப் படிவத்தையும் முறையீட்டு வழியையும் ஒன்றாக்கி, ‘எங்களிடம் கருத்துப் பெறும் அமைப்பு இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்ளும் எந்த நிறுவனமும் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அதே ஆண்டு, 2018 ஜனவரியில், விருதுநகர் மாவட்டமே ஒரு படிவமாயிற்று. நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை இரண்டே: விருதுநகர், இராமநாதபுரம். 49 குறியீடுகள், மாதந்தோறும் கணக்கு, தரவரிசை. மன்றோ பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பள்ளி ஆசிரியர்களோ எமிஸ் செயலியில் தகவல் ஏற்றுவதிலேயே பாடவேளை போகிறது என்று சங்கங்கள் வழியாகப் பலமுறை முறையிட்டார்கள். தகவல் மேலே போகும் பாதை அகலமாகிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒன்று 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு வந்தது. ‘மாணவர் மனசு’ என்று எழுதிய ஒரு பெட்டி. மன்றோவின் படிவத்துக்குச் சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து. கேள்வி இல்லை, கட்டம் இல்லை, ஏணி இல்லை. துண்டுச்சீட்டில் எதை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். பக்கத்திலேயே 1098, 14417 என்று இரண்டு தொலைபேசி எண்கள். பள்ளி அளவிலான மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வாண்டே பள்ளி மேலாண்மைக் குழுக்களும் பெற்றோரைக் கொண்டு புதிதாக அமைக்கப்பட்டன. கேட்பவரின் கேள்விக்குப் பதில் சொல்லுதல் என்ற நிலையிலிருந்து கேள்வியையே மாணவர் கையில் கொடுத்த முதல் ஏற்பாடு என்று இதைச் சொல்லத் துணிவேன். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்கும் தாய் தகப்பனின் பிள்ளைக்கு அது புரியாத வடிவம் அல்ல.

ஆனாலும் பெட்டிக்குப் பூட்டு உண்டு, பூட்டுக்குச் சாவி உண்டு. சாவி தலைமையாசிரியர் மேசை இழுப்பறையில் இருக்கும் பள்ளியில் என்ன சீட்டு விழும், வெளியார் ஒருவர் முன்னிலையில் திறக்கப்படும் பள்ளியில் என்ன சீட்டு விழும் என்பது பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பெட்டி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது, சீட்டுப் போடுபவரை யார் பார்க்கலாம் என்பதும் அதேபோல. பிறகு, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு சீட்டு வந்தால், பார்த்தோம், மோட்டார் பழுது, இன்ன தேதிக்குள் சரியாகும் என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் யாராவது சொல்கிறார்களா? சொன்னால், அதுவரை சினிமாப் பாட்டு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த பையன்களும் அடுத்த வாரம் வேறு எதையாவது எழுதிப் பார்ப்பார்கள்.